பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்பப்போகும் ஒரு தாய்க்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மகள் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள், அடுத்த மாதம் போக வேண்டும், கணவர் கட்டாரில், உங்களுக்குச் சிங்களம் தெரியாது, பிள்ளை களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குக்கூடத் தனியப் போனதில்லை, மெடிசின் படிக்க இடம் கிடைக்காத கவலை இன்னும் வீட்டில் இருக்கிறது, என்னென்ன சாமான் வாங்க வேண்டும், ஒரு லிஸ்ட் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். லிஸ்ட் தருகிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். ஒன்பது வருடம் ஒரு பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவள் நான், என்னுடைய மகனும் மகளும் ஆரையம்பதியிலிருந்து வெளியூர்க் கம்பசுக்குப் போய்ப் படித்தவர்கள். சாமான் குறைந்து எந்தப் பிள்ளையும் பெரிதாகக் கஷ்டப்பட்டு நான் பார்க்கவில்லை, வாளி இல்லையென்றால் பக்கத்து அறையில் வாங்கிக் குளிக்கும். தனக்கு நடக்கிற கெட்டதை வீட்டுக்குச் சொல்ல முடியாத பிள்ளைதான் கஷ்டப்பட்டது.

சரி, முதலில் கடதாசிகள். இதில் பிழை விட்டால் மற்றது ஒன்றும் நடக்காது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றிலும் மூலப் பிரதியும், சமாதான நீதவான் உறுதிப்படுத்திய போட்டோ பிரதி ஐந்தாறும் வேண்டும். பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை வரி வரியாகப் பாருங்கள், மருத்துவப் பரிசோதனைப் படிவம் இருந்தால் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே டாக்டரிடம் கொண்டு போங்கள். எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு: பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, பரீட்சைப் பெறுபேற்றில் இன்னொரு மாதிரி. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே பிரதேச செயலகத்தில் கேட்டுச் சரிசெய்யுங்கள், பட்டச் சான்றிதழில் விழுகிற பெயர் அதுதான். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து உங்களிடமும் அவளிடமும் வையுங்கள்.

மஹாபொலப் புலமைப்பரிசிலுக்கும் பல்கலைக்கழக நிதியுதவிக்கும் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும், அதைக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலாளரும் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். கணவர் வெளிநாட்டில் என்பதால் கிடைக்காது என்று நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள், உள்ள வருமானத்தை உள்ளபடி எழுதி விண்ணப்பியுங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், நிதியுதவி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டது. ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதற்குப் பிறகும் மாதா மாதம் பிசகாமல் வரும் என்று நம்ப வேண்டாம். முதல் அரை வருடத்தை அந்தக் காசு இல்லாமலே ஓட்டுவதாகக் கணக்குப் போடுங்கள், வரும்போது அது மேலதிகம்.

காசைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் எடுத்து, இந்த மாதத்திலிருந்தே வீட்டுச் செலவில் ஒரு பகுதியை அவள் கையில் கொடுத்து, மரக்கறி மீன் எல்லாம் அவளே வாங்கிக் கணக்கு எழுதட்டும். எங்கள் பெண் பிள்ளைகளுக்கு இரண்டாயிரம் ரூபாயை ஒரு கிழமைக்குப் பிரித்துச் செலவழிக்கிற பழக்கமே இல்லை, எல்லாம் நாங்கள் வாங்கிக் கொடுத்துத்தான் பழக்கம். அங்கே போய் முதல் கிழமையிலேயே கண்டி டவுனில் பாதியை முடித்துவிட்டு, மாதக் கடைசியில் பிஸ்கட்டும் தேத்தண்ணியுமாக இருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். மாதக் காசை ஒரேயடியாகப் போடாமல் கிழமைக்கு ஒருதரம் போடுங்கள். இதற்கு வெளியே, தொடக்கூடாத காசாகக் கொஞ்சம் கணக்கில் கிடக்கட்டும், அவசரத்தில் வீட்டுக்கு வர பஸ் காசும் ஒரு இரவு தங்குகிற காசும் அளவுக்கு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளைப் பக்கமெல்லாம் மண்சரிவில் வீதிகள் துண்டிக்கப்பட்டதே, அப்படி ஒரு நாளில் கையில் காசு இருக்கிற பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம்.

இன்னொன்று, தயவுசெய்து இந்தப் பயணத்துக்காக நுண்கடன் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற அந்தக் கடனால் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் பட்டதை நீங்களும் கண்டிருப்பீர்கள். லெப்டொப் வாங்கத்தான் காசு வேண்டுமென்றால் அதைப் பிந்திப் போடலாம், முதல் நாளே லெப்டொப் தேவையில்லை. போய் இரண்டு மூன்று கிழமை சீனியர்மாரிடம் கேட்டு, அவளுடைய பாடங்களுக்கு எது போதும் என்று தெரிந்து வாங்கினால் காசும் மிச்சம். சாதாரண விஞ்ஞானப் படிப்புக்கு 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ளது போதும். கண்டியில் வாங்கினால் பழுதானாலும் அங்கேயே கொடுக்கலாம். சீட்டுக் காசு ஏதும் வர இருந்தால் அதை இதற்கு ஒதுக்குங்கள்.

நகையை அடகு வைக்கிறது தப்பென்று நான் சொல்லவில்லை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்தாதீர்கள்.

என்னுடைய விடுதியில் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை ஒன்று இருந்தது, ஊரைச் சொல்ல மாட்டேன். நல்ல அமைதியான பிள்ளை. ஆறாவது கிழமை ஒரு நாள் காலையில் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்துவிட்டது. வைத்தியரிடம் கொண்டு போனால், சாப்பாடு இல்லை, வேறொன்றுமில்லை. மத்தியானம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் போனில் என்ன சொன்னது தெரியுமா, “நல்லா சாப்பிடுறன் அம்மா, இங்க எல்லாம் நல்லம்.” தாயை வரவழைத்தேன். அந்த மனுசி என் அறையில் இருந்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. “காசு இல்லையெண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பனே” என்று சொன்னார். நான் பிள்ளையிடம் தனியக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. “அம்மாட தாலிக்கொடி பேங்கில இருக்கு மிஸ். அத எனக்காகத்தான் வச்சது. அதுக்குப் பிறகு நான் எப்படிக் கேக்கிறது?”

அந்தத் தாய் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை ஊன்றிப் படிக்கட்டும் என்றுதான், “உனக்காகத்தான் எல்லாம்” என்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாங்கள் எல்லாரும் சொல்கிறதுதான். அதைக் கேட்டு வளர்ந்த நல்ல பிள்ளை என்ன செய்யும்? அம்மாவின் கஷ்டத்தைக் கூட்டக்கூடாது என்று தன்னுடைய கஷ்டத்தை மறைக்கும். பசியை மறைக்கும், காய்ச்சலை மறைக்கும், சீனியர்மார் புதுப் பிள்ளைகளுக்குச் செய்கிற பகிடிவதையை மறைக்கும், பரீட்சை பிழைத்ததை மறைக்கும்.

பரீட்சை பிழைத்ததை மறைத்தவன் என் மகன். முதலாம் வருடத்தில் இரண்டு பாடம் பிழைத்துவிட்டது, எனக்குத் தெரியவந்தது பதினாலு மாதத்துக்குப் பிறகு, அதுவும் அவனுடைய கூட்டாளி வாய் தவறிச் சொல்லித்தான். அவன் கம்பசுக்கு எடுபட்டபோது ஊர்ச் சந்தியில் அவனுடைய படத்தோடு வாழ்த்துப் பதாகை கட்டினார்கள், கோயிலில் மாலை போட்டார்கள், நானும் சந்தோசத்தில் போற வாற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பதாகையைப் பார்த்துவிட்டுப் போன பிள்ளைக்கு “அம்மா, எனக்கு விளங்குதில்லை” என்று சொல்ல வாய் வரவில்லை. பிழைத்த பாடத்தை அடுத்த முறை எழுதிச் சரிப்படுத்தலாம், அது பெரிய காரியமே இல்லை. ஆனால் அந்தப் பதினாலு மாதம் அவன் தனியப் பட்டது எனக்கு இப்போதும் வலிக்கிறது. உங்கள் ஊரிலும் பதாகை கட்டுவார்கள், அவர்களைத் தடுக்க முடியாது. நீங்கள் வீட்டுக்குள்ளே ஒரு இரவு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, வெட்கப்படாமல் வாயைத் திறந்து சொல்லுங்கள்: “பாடம் பிழைச்சாலும் சொல்லு, காசு முடிஞ்சாலும் சொல்லு, படிப்பே பிடிக்கல்லண்டாலும் சொல்லு. நான் ஏசமாட்டன். அப்பாக்குச் சொல்ல வேண்டாமெண்டா சொல்லமாட்டன்.” பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். முதல் தரம் அவள் ஒரு சின்னக் கெட்ட செய்தி சொல்லும்போது, போனைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னாலும் சரி, நீங்கள் என்ன குரலில் பதில் சொல்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் பெரிய செய்தியைச் சொல்வதா விடுவதா என்று பிள்ளை முடிவெடுக்கும்.

மெடிசின் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டு தரம் எழுதி, கொஞ்சப் புள்ளியில் தவறிப்போன பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். “சயன்ஸ்தான் கிடைச்சது” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீங்கள் சொல்கிற அந்தத் “தான்” பிள்ளையின் காதில் விழும், அதை நிற்பாட்டுங்கள். பேராதனை விஞ்ஞான பீடத்தில் பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நாலு வருடம். சிறப்புப் பட்டத்துக்கு எடுபடுவது ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றை வைத்துத்தான். தோற்றுப்போன மனநிலையோடு முதல் வருடத்தைக் கடத்துகிற பிள்ளை அந்த வாய்ப்பையும் கை விட்டுவிடும், அப்படி நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள் கனபேர் போனதைக் கண்டிருக்கிறேன். உயிரியல் படித்தவளுக்கு அங்கே தாவரவியல், விலங்கியல், இரசாயனம், மூலக்கூற்று உயிரியல் என்று திறந்து கிடக்கிறது. போக முதல் பீடத்தின் இணையத்தளத்தில் என்னென்ன பாடம் இருக்கிறது என்று அவளே பார்த்து உங்களுக்குச் சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

அங்கே போனதும் அவளுக்குப் படக்கூடிய இன்னொரு காயத்தையும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். “நீங்க கோட்டாவில வந்த ஆக்கள்தானே” என்று யாராவது ஒருவர் எப்போதாவது சொல்வார், எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளி, அதாவது கம்பசுக்கு எடுபடத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, கொழும்பைவிடக் குறைவு என்பதால். கலைப் பிரிவு தவிர்ந்த பாடநெறிகளுக்குப் பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்றபடி, மிச்சம் 5 வீதம் கல்வி வசதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்றுதான் எடுக்கிறார்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16 இல் உண்டு, அநுராதபுரம், பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, அம்பாந்தோட்டையும் உண்டு. இரசாயனவியல் ஆசிரியர் இல்லாமல் மாதக்கணக்கில் இருந்த பாடசாலையில் படித்து, வெள்ளத்துக்கு வகுப்பு நின்று, அதற்குள்ளே எடுத்த புள்ளி அது. இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டுக் குனியாது.

ஆங்கிலம்தான் முதல் ஆறு மாதத்தின் உண்மையான கஷ்டம். தமிழில் படித்து ஏ எடுத்த பிள்ளை, ஆங்கில விரிவுரையில் இருந்து ஒன்றும் எழுத முடியாமல் திரும்பி வந்து அழும். இது எல்லாத் தமிழ்மூலப் பிள்ளைக்கும் நடக்கிறது, சிங்களமூலப் பிள்ளைக்கும் இதே கதைதான். இந்த ஒரு மாதத்தில் புதிதாக ஆங்கில வகுப்புக்கு அனுப்பி அவதிப்படுத்துவதைவிட, உயர்தர உயிரியல், இரசாயனவியல் பாடங்களின் ஆங்கிலச் சொற்களை அவளுடைய பழைய தமிழ்க் குறிப்புக்குப் பக்கத்தில் எழுதிப் பழகட்டும். பிரசாரணத்துக்கு, ஒளித்தொகுப்புக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரிந்தாலே பாதி விரிவுரை விளங்கும். அங்கே குப்பி என்று ஒன்று இருக்கிறது, சீனியர்மாரும் விளங்கின பிள்ளைகளும் மற்றவர்களுக்கு இரவில் இருந்து சொல்லிக் கொடுப்பது, பரீட்சை நெருங்கும்போது எல்லாரும் அதில்தான் தப்புகிறார்கள். வெட்கப்பட்டு அறைக்குள் இருந்துவிடாமல் குப்பிக்குப் போகச் சொல்லுங்கள். விரிவுரைக்கு ஒழுங்காகப் போவதும் முக்கியம், பெரும்பாலான பீடங்களில் 80 வீத வரவு கேட்பார்கள்.

பகிடிவதை. நீங்கள் கேள்வியில் அரை வரி எழுதிவிட்டு விட்டிருந்தீர்கள், பயத்தில் என்று விளங்குது. 1997 இல் இதே பேராதனையில் பொறியியல் பீடத்துக்கு வந்த ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையில் சிறுநீரகம் பழுதாகி இறந்தான், அதற்கு அடுத்த வருடம்தான் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, பாலியல் தொல்லை அல்லது பாரதூரமான காயம் என்றால் பத்து வருடம் வரை. சட்டம் இருந்தும் நிற்கவில்லை என்பது உண்மை. பெண்கள் பக்கத்தில் அடி உதை குறைவு. உடுப்பு இப்படித்தான் போட வேண்டும், இந்தப் பாதையால் போகக்கூடாது, வீட்டுக்குக் கதைக்கக்கூடாது, இரவு நித்திரை கொள்ளக்கூடாது, கூப்பிட்ட இடத்துக்கு வர வேண்டும், இப்படிப் போகும். பெயர், ஊர் கேட்பதற்குப் பதில் சொல்லலாம், அதில் ஒன்றுமில்லை. உடம்பைத் தொடுவது, அறைக்குள் பூட்டுவது, தனியாக ஒரு இடத்துக்கு வரச் சொல்வது, போனைப் பறிப்பது, இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்த நிமிடமே விடுதிப் பொறுப்பாளருக்கும் வீட்டுக்கும் சொல்ல வேண்டும். “எல்லாருக்கும் நடக்கிறதுதானே, பொறுத்துக்கோ” என்று நீங்கள் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாகவும் முறைப்பாடு செய்யலாம். பக்கத்தில் ஆட்கள் நிற்கும்போது போனில் வெளிப்படையாகச் சொல்ல முடியாது, அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வசனத்தை வைத்துக்கொள்ளுங்கள். நானும் என் மகளும் “சின்ன மாமிக்கு இப்ப சுகமா?” என்று வைத்திருந்தோம். அவளுக்குச் சின்ன மாமி இல்லை. இரண்டாம் கிழமை ஒரு இரவு அந்தக் கேள்வி வந்தது, அடுத்த நாள் காலை நான் அங்கே நின்றேன். தாய் வந்து விடுதி அலுவலகத்தில் இருந்ததே போதுமாயிருந்தது, பிறகு அவளைத் தொடவில்லை.

எத்தனை தரம் கூப்பிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். இரவு ஒருதரம், ஒரு நேரம் வைத்து. மகனுக்கு நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் எடுத்தேன், சாப்பிட்டியா, குளிச்சியா, எங்க நிக்கிறாய் என்று. கடைசியில் அவன் “ஓம், ஓம்” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத நிலைக்கு வந்துவிட்டான். மகளிடம் அப்படிச் செய்யவில்லை. “இண்டைக்கு யாரோட சாப்பிட்டாய்?” என்று கேட்பேன். ஒரு கிழமை முழுக்கத் “தனியத்தான்” என்று பதில் வந்தால் அப்போது கவலைப்பட வேண்டும். குரல் மாறி, நித்திரை இல்லாமல், யாரோடும் சேராமல் கிழமைக்கணக்கில் இருந்தால் கோயில் நேர்த்தி மட்டும் போதாது. பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறார், மாணவர் ஆலோசகர்களும் இருப்பார்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம். அம்புலன்சுக்கு 1990. இந்த இரண்டும் அவளுடைய போனில் இருக்கட்டும்.

இனி நீங்கள் கேட்ட லிஸ்ட். பேராதனை எங்கள் ஊர் மாதிரி வேகாது, மார்கழி, தையில் இரவு நல்ல குளிர், ஒரு ஸ்வெட்டரும் தடிப்பான போர்வையும் வேண்டும். மழை எந்த மாதமும் வரும், குடையோடு ஒரு ரெயின்கோட்டும், நனைந்தால் காயக்கூடிய செருப்பு ஒன்றும், ஏறி இறங்கி நடக்கச் சப்பாத்து ஒன்றும். பெட்சீட் இரண்டு, தலையணை, துவாய் இரண்டு, நுளம்பு வலை, வாளி, கோப்பை, சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், நல்ல ஆமைப்பூட்டு இரண்டு, திறப்பில் ஒன்று உங்களிடம். பனடோல், வயிற்றோட்டத்துக்கு ஜீவனி, தடவச் சித்தாலேப, கண்ணாடி போடுகிற பிள்ளையென்றால் இன்னொரு கண்ணாடி, பேட் மூன்று மாதத்துக்கு. கெட்டில், ஹீட்டர் போன்றவற்றைக் கனக்க விடுதிகளில் விடமாட்டார்கள், கேட்காமல் வாங்காதீர்கள். வாளியும் கதிரை மெத்தையும் களுவாஞ்சிக்குடியிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பேராதனையிலும் கண்டியிலும் கடைகள் நிறைய. சாப்பாட்டில் இடித்த மிளகாய்த்தூளும் சீனிச் சம்பலும் வறுத்த கருவாடும் கொஞ்சம், அறைப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டு. முதலாம் வருடத்துக்குத் தூரத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விடுதி கிடைக்கும், பிறகு வெளியே போர்டிங் பார்க்க வேண்டி வரலாம். அதனால் கட்டில் மேசை என்று ஒன்றும் சேர்க்காதீர்கள்.

இந்த ஒரு மாதத்தில் சாமான் வாங்குவதைவிட முக்கியமான வேலை, பிள்ளையைத் தனியப் பழக்குவது. நாளைக்கே மட்டக்களப்பு டவுனுக்குத் தனிய அனுப்புங்கள், வங்கி அலுவலை அவளே முடித்துவிட்டு வரட்டும். அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்கு, நீங்கள் வாசலில்கூட நிற்க வேண்டாம். யாரிடம் கேட்பது, வரிசையில் எங்கே நிற்பது, படிவத்தில் பிழை விட்டால் என்ன செய்வது, இதெல்லாம் அங்கே தினமும் வரும். பிறகு ஒரு நாள் நீங்கள் இரண்டு பேரும் கல்முனையிலிருந்து அம்பாறை, மஹியங்கனை வழியாகப் போகும் கண்டி பஸ்ஸில் போய் வாருங்கள், ஆறு ஏழு மணித்தியாலம். மஹியங்கனைக்கு அங்கால் பதினெட்டு வளைவில் அவளுக்குத் தலை சுற்றுமா என்று இப்போதே தெரிந்துவிடும். டிக்கெட்டை அவள் எடுக்கட்டும். கண்டியில் இறங்கிப் பேராதனைக்கு எந்த பஸ் என்று அவள் கேட்கட்டும், பிழையான பஸ்ஸில் ஏறினாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கிற நாளில் ஏறட்டும். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் வெள்ளம், மலைப்பக்கம் மண்சரிவு, அந்த மாதங்களில் லீவு கிடைத்தாலும் வீதி எப்படி என்று கேட்டுத்தான் வெளிக்கிட வேண்டும், இரவு பஸ் வேண்டாம்.

சிங்களம் தெரியாது என்பதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. என் மகள் போகும்போது பத்துச் சொல்தான் தெரியும், ஒரு வருடத்தில் சந்தையில் விலை பேசினாள். அறையில் குருநாகல் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் வந்தால் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் கஷ்டமாக இருக்கும், பிறகு அதுதான் பெரிய உதவி. தமிழ் முகம் தேடினால் அதுவும் அங்கே உண்டு, வளாகத்துக்குள்ளேயே குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம், இந்து மாணவர் சங்கம், முஸ்லிம் மஜ்லிஸ் எல்லாம் இருக்கிறது. அக்கரைப்பற்று, காத்தான்குடி, திருக்கோவில் பிள்ளைகள் கட்டாயம் அதே பெட்சில் இருப்பார்கள். ஊருக்கு வரும்போது அவர்களோடு சேர்ந்து வரட்டும். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் வந்தார்கள், ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருவருக்கு நித்திரை வந்தால் மற்றவர் பைகளைப் பார்த்துக்கொண்டு.

ஒன்றை மட்டும் முன்னாலேயே மனதில் எடுத்துக்கொள்ளுங்கள், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு அவளால் வர முடியாமல் போகலாம். பரீட்சை அட்டவணை எங்கள் கோயில் கலண்டரைப் பார்த்துப் போடப்படுவதில்லை. அந்த நேரம் “அம்மாவைவிடப் படிப்புப் பெரிசா” என்று கேட்டுவிடாதீர்கள்.

கொண்டுபோய் விடுகிற நாளில் கட்டிலை நீங்கள் விரிக்காதீர்கள், அவள் விரிக்கட்டும். அழுகை வந்தால் அழுங்கள், அதை மறைக்கத் தேவையில்லை, ஆனால் பொழுது படும் வரை நிற்காமல் மத்தியான பஸ்ஸுக்கு வெளிக்கிடுங்கள், மற்றப் பிள்ளைகளோடு கதைக்க அவளுக்கு அந்தப் பின்னேரம் வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு உங்களுக்குத்தான் கஷ்டம், கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. பத்தாம் வகுப்பில் மகன் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள், அக்காவுக்குப் பயந்த பயத்தையெல்லாம் அவன் தலையில் கட்டாதீர்கள். பின்னேரத்தில் கூட்டாளிப் பெண்களோடு போய் இருந்து கதையுங்கள், இரவுக் கோலுக்கு மட்டும் வீட்டில் நில்லுங்கள்.

இரண்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை நீங்கள் தனியக் கண்டிக்குப் போங்கள். சிங்களம் தெரியாவிட்டால் பரவாயில்லை, கண்டி கடைசி ஹோல்ட், எல்லாரும் இறங்குகிற இடத்தில் இறங்கினால் போதும். அங்கே மகள் வந்து நிற்பாள், உங்களை அவள் கூட்டிக்கொண்டு போகட்டும், பஸ் காசையும் அவள் கொடுக்கட்டும். போகும்போது ஒரு எருமைத் தயிர்ச்சட்டியும் கொண்டு போங்கள், அறையில் மற்றப் பிள்ளைகளும் இருப்பார்கள்.